விருந்தாளிக்கு வைத்த எலும்பு

அன்று அசில்பெக் வீட்டில் இருந்தவர்களை உட்கார்ந்திருந்த வரிசையிலேயே சொல்கிறேன். கதவுக்கு எட்டாத இடத்திலிருந்து தொடங்கி, கதவில் முடிக்க வேண்டும். எங்கள் ஊரில் வேறு வரிசை கிடையாது.

சுவரை ஒட்டி, நடுவில், மூத்தவர் ஒமுர்ஜாக். எண்பத்தொரு வயது. ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வார்.

அவருக்கு வலப்புறம் இமான்காசி வாத்தியார். முப்பத்தாறு வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரின் வம்சப் புத்தகத்தை எழுதியவர்.

இடப்புறம் துய்ஷோன். குதிரை மேய்ப்பவர். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பைச் சேர்த்துச் சொல்வார், சாவு வீட்டிலும்.

அவர்களுக்கு எதிரே வீட்டுக்காரர் அசில்பெக். தேநீர் கொதிக்கும் சமோவாரை ஒட்டி அவர் மனைவி ஜீபேக். கதவோரம் கை கழுவும் செம்போடு நான்.

அடுப்பறையில் பெர்மெத், அசில்பெக்கின் மகள். அவள் விரிப்பில் உட்காரவில்லை. ஆனால் பேச்சு அவளைப் பற்றித்தான்.

அழைக்கப்படாதவன் ஒருவன்: எர்லான், வாத்தியாரின் ஒரே மகன்.

நான் இந்த வம்சத்தில் பிறந்தவனில்லை. என் அம்மா பிறந்தாள். அதனால் இங்கே எல்லோரும் எனக்கு மாமா, நான் எல்லோருக்கும் மருமகன். மருமகன் இடம் கதவோரம். தலைநகரில் மூன்றாம் வருடப் படிப்பை விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு ராத்திரி முழுக்க நிலக்கரி அள்ளிப் போடுகிறவன். விட்டதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்வேன். பகலில் தூங்குவேன். அன்று தூங்கவில்லை.

வாத்தியாரின் எழுத்தையெல்லாம் கணினியில் அடித்தது நான்தான். மாவட்டப் பத்திரிகையில் மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் கட்டுரை வரும். கணவாய் தாண்டிப் போன பயணம், மனைவி சுட்ட ரொட்டி அடிபிடித்தது, உருளைக்கிழங்குக் குழியில் எலி, செத்துப்போன தன் தகப்பனின் தொப்பி. இப்படி ஏதாவது இருக்கும். மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் அந்தப் பத்திரிகையை ஊரில் பாதிப் பேர் அவருக்காகத்தான் வாங்கினார்கள். கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு பழைய கணினி உண்டு. அவர் கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு, ஒரு வாரி நிலக்கரி, ஒரு பக்கம், ஒரு வாரி நிலக்கரி, ஒரு பக்கம் என்று அடிப்பேன்.

வம்சப் புத்தகமும் அப்படித்தான் அடித்தேன். அதற்காக அவர் நான்கு வருடம் அலைந்தார். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்க் கல்லறைக் கற்களைப் படித்தார். சரக்கு லாரியில் தோருகார்த் கணவாயைத் தாண்டிச் சீனப் பக்கம் காக்ஷாலுக்குப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் ஜாரின் பட்டாளத்துக்குத் தப்பி ஓடிய எங்கள் ஆட்களில் திரும்பாதவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வாத்தியார் திரும்பி வந்தபோது அவர் கன்னம் இரண்டும் பனியில் வெடித்திருந்தன. பை நிறைய நோட்டுப் புத்தகங்கள்.

அந்த நோட்டுகளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்றை அச்சில் போட்டார். ஒன்றை என்னிடம் கொடுத்து நெருப்பில் போடச் சொன்னார்.

அச்சில் வந்தது அசில்பெக்கைப் பற்றி. அசில்பெக் ஜும்கால் பக்கத்திலிருந்து இங்கே வந்து வீடு வாங்கியவர். எட்டு வருடம் அவரை யாரும் சீந்தவில்லை. முதுகுக்குப் பின்னால் 'வந்தேறி' என்றார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கதவோரம் என் பக்கத்தில் உட்காருவார். வாத்தியாரின் புத்தகம் வந்தது. அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், அசில்பெக்கின் வம்சமும் எங்கள் ஊர் வம்சமும் சாதிர் என்ற ஒரே தகப்பனிடம் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் அசில்பெக் மேலே உட்கார்ந்தார். பன்னிரண்டு புத்தகம் வாங்கி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார்.

எரித்தது வாத்தியாரின் தாத்தா தோக்தோசுனைப் பற்றி. காக்ஷாலில் ஒரு கிழவி சொன்னது. பதினாறாம் வருட ஓட்டத்தில், பேதெல் கணவாயில், கெரிமின் நான்கு வயது மகன் தோக்தோசுன் பனியில் விறைத்துச் செத்துப்போனான். இரண்டு நாள் கழித்து, செத்துக் கிடந்த ஒரு ஒட்டகத்தின் முதுகில் கட்டப்பட்ட ஒரு குழந்தை உயிரோடு இருந்தது. யார் குழந்தை என்று சொல்ல ஆள் இல்லை. கெரிம் அதை எடுத்தார். செத்த மகனின் பெயரையே வைத்தார். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது பாதி ஊர் செத்திருந்தது. மீதிப் பேருக்கு ஒரு நான்கு வயதுப் பிள்ளையிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கும் நிலை இல்லை. கிழவியின் தகப்பன் கெரிமோடு ஒரே கூட்டத்தில் ஓடியவர். அவர் கண்ணால் பார்த்தது.

ஆக வாத்தியார் இந்த வம்சத்து ரத்தமே இல்லை. அவர் தகப்பனும் இல்லை. அவர் மகன் எர்லானும் இல்லை.

"இந்தப் பக்கம் வேண்டாம், கென்ஜே" என்றார் வாத்தியார், ஏழு வருடத்துக்கு முன்னால். "அடிக்காதே. அடுப்புல போட்டுடு." போட்டேன். அவர் பக்கத்தில் நின்று, அது சுருண்டு கறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் எர்லானும் பெர்மெத்தும். அவன் டிராக்டர் பழுது பார்ப்பவன். அவள் ஊர் மருந்தகத்தில் ஊசி போடுபவள். ஒரு வெட்டுக்காயத்துக்குத் தையல் போடப் போய் ஆரம்பித்தது. இருவருக்கும் ஐந்தாம் தகப்பன் சாதிர். ஏழு தலைமுறைத் தகப்பனுக்குள் ஒரே ஆள் வந்தால் அண்ணன் தங்கை, கல்யாணம் கூடாது. முல்லா நிக்காஹ் ஓத மாட்டார். பெற்றவர்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். சாதிர் இருவருக்கும் ஐந்தாவது என்று அந்தப் புத்தகத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. ஒரே மனிதர் தேடிக் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு, அச்சடித்து வைத்திருந்தார். அந்த வரைபடத்தில் தன் மகன் பெயர் நிற்கும் கிளை பொய் என்பதும் அவருக்கும், காகிதத்தை எரித்த எனக்கும்தான் தெரியும்.

மூன்று வருடம் சும்மா இருந்தார். சின்னஞ்சிறுசுகள், தானாக விட்டுப்போகும் என்று நினைத்தார். விட்டுப்போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் கொதிகலனிலிருந்து சாம்பலை இழுத்துக்கொண்டிருந்தபோது வந்தார். வெளியே உறைபனி. முற்றத்துக் குழாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தோம், அதுவும் வெடித்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றாமல் கவிழ்த்துப் போட்ட நிலக்கரி வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் காகிதம் ஞாபகம் இருக்கா, கென்ஜே?"

"எந்தக் காகிதம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

வாரியைச் சுவரில் சாய்த்தேன். "எரிச்சாச்சு மாமா. நீங்கதான் போடச் சொன்னீங்க."

"கம்ப்யூட்டர்ல எங்கயாவது..."

"அடிக்கவே இல்லையே."

அவர் கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கோச்கோர்லேருந்து வர்றாங்களாம். மாப்பிள்ளையோட அம்மா வந்து பெர்மெத் காதுல தோடு போட்டு நிச்சயம் பண்றாங்களாம். நாளைக்கு அசில்பெக் ஆடு அடிச்சு நம்மள கூப்பிட்டிருக்கான். சொல்றதுக்காம்."

"எர்லான்?"

"தோடு போட்ட அன்னிக்கே சுர்குத்துக்குப் போறேங்கறான். சைபீரியா. எண்ணெய்க் கிணத்து வேலை. நேத்து சாப்பிட உக்காந்தான், ரொட்டியப் பிச்சான், வெச்சான், சொன்னான், எந்திரிச்சுப் போனான். அவ்வளவுதான். போனா வரமாட்டான். அவன் அவங்க அம்மா மாதிரி. ரெண்டாந்தடவ எதையும் சொல்ல மாட்டான்."

"அதனால?"

"நாளைக்குச் சொல்லப்போறேன். எல்லாத்தையும்."

"சொன்னா நீங்க வந்தேறி."

"ஆமா."

"நம்ப மாட்டாங்க மாமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் தப்பான தலைநகரத்தைச் சொன்னவனைப் பார்க்கும் பார்வை. "ஏன் நம்ப மாட்டாங்க? எவனாவது தன்னைத்தானே வந்தேறின்னு பொய் சொல்லிக்குவானா?"

 நியாயமான கேள்வி என்றே பட்டது. சாம்பல் வண்டியை வெளியே தள்ளினேன்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அசில்பெக் வீட்டில் உட்கார்ந்தாயிற்று. ஆட்டைக் காலையிலேயே அறுத்தாயிற்று. பெரிய சட்டியில் கறி வெந்துகொண்டிருந்தது. அடுப்பறையில் பெர்மெத் குடலைத் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழங்கைவரை சிவந்திருந்தது. விரிப்பில் வறுத்த மாவுருண்டை, பாலாடை, ஆப்ரிகாட் பழப்பாகு, உலர்ந்த திராட்சை. ஜீபேக் தேநீரை அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக ஊற்றினாள். முழுக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டுப் போ என்று அர்த்தம்.

"இந்த வருஷம் பனி சீக்கிரம்" என்றார் ஒமுர்ஜாக்.

"சீக்கிரமா? என் பெட்டைக்குதிரை ரெண்டு ஏற்கெனவே மண்டி போட்டிருச்சு" என்றார் துய்ஷோன். "எந்திரின்னா, நீ மொதல்ல எந்திரிங்கற மாதிரி பாக்குது."

"அதுக்கு வைக்கோல் போடணும். உன் வாயில இருக்கற காத்தைப் போட்டா எந்திரிக்குமா?" என்றாள் ஜீபேக்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரை விட நான் கொஞ்சமாத்தான் பேசுறேன். அவரு பேசுறது விலை கூட, அவ்வளவுதான்."

அசில்பெக் சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கோச்கோர் ஆட்கள் நல்ல ஆட்கள், பையன் சுங்கச் சாவடியில் வேலை, வெள்ளிக்கிழமை வருகிறார்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கூட இருக்க வேண்டும். சொல்லும்போது வாத்தியாரைப் பார்க்காமல் சொன்னார். பிறகு பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு மனசுல கஷ்டம் இருக்கும். எனக்கும் இருக்கு. எர்லான் தங்கமான பையன். வேற வம்சமா இருந்தா நானே அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"வேற வம்சம்தான்" என்றார் வாத்தியார். இவ்வளவு எளிதாக வாசல் திறக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"என்னது?"

வாத்தியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சொன்னார். காக்ஷால், கிழவி, கணவாய், ஒட்டகம், செத்த பிள்ளையின் பெயர். நன்றாகச் சொன்னார். கட்டுரை எழுதிப் பழகிய வாய் அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். அதுதான் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். திக்கித் திணறிச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

ஜீபேக் சமோவாரின் குழாயை மூடினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் துய்ஷோன்.

"எழுதல. நடந்தது."

"அப்போ ஏன் எழுதல?" இது அசில்பெக். குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து விரிப்பின் நடுவில் வைத்தார். "இதுல இருக்கா? காட்டுங்க."

"இல்ல. நான்தான் விட்டுட்டேன். வெக்கமா இருந்துச்சு."

"அப்போ வெக்கமா இருந்துச்சு. இப்போ புள்ளைக்குப் பொண்ணு வேணும், வெக்கம் போயிருச்சு."

"அசில்பெக்..."

"இருங்கண்ணே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தக் கிழவி எங்க?"

"செத்துட்டா. நாலு வருஷமாச்சு."

"அவ சொன்னத எழுதின நோட்டு?"

வாத்தியார் கதவோரம் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செம்பில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"கென்ஜே படிச்சான். அவன் கையிலதான் குடுத்தேன். நீ சொல்லுடா."

"ஆமா" என்றேன். "படிச்சேன். அப்படி ஒரு பக்கம் இருந்துச்சு."

"எங்க இப்ப?"

"கொதிகலன்ல போட்டேன்."

துய்ஷோன் வாய்விட்டுச் சிரித்தார். "அடேய் மருமகனே! படிப்பை அங்க போட்டே, சாட்சியை இங்க போட்டியா? உன்கிட்ட எதைக் குடுத்தாலும் சாம்பல்தானா?"

"அவன் எர்லானோட கூட்டாளி" என்றாள் ஜீபேக். "வேற எப்படிச் சொல்லுவான்?"

"தலைநகர்ல ரத்தம் பாத்துச் சொல்றாங்க" என்றார் வாத்தியார். அவர் குரல் இப்போதுதான் சற்று ஏறியது. "நான் தர்றேன், ஒமுர்ஜாக் அண்ணன் தரட்டும். ஒரே வம்சமா இல்லையான்னு காகிதம் வந்துரும்."

ஒமுர்ஜாக் கேட்காத காதைத் திருப்பினார்.

"காகிதமா!" அசில்பெக் முதல் முறையாகச் சத்தம் போட்டார். "ஊர் ஊரா அலைஞ்சு, கல்லக் கல்லாப் படிச்சு, நீங்க குடுத்த காகிதம் இது. பொய்ங்கறீங்க. அப்போ நாப்பத்தொண்ணாம் பக்கம்? அதுவும் பொய்யா? நான் யாரு? எட்டு வருஷம் அந்தக் கதவோரம் உக்காந்திருந்தவன் நானு. இவன் பக்கத்துல. மறந்துட்டீங்களா? நீங்கதான்ணே என்னைக் கையப்பிடிச்சு மேல உக்கார வெச்சீங்க. இப்போ ஒரு பக்கம் உருவுனா சுவரு மொத்தம் விழும், தெரியலயா?"

"உன் பக்கம் உண்மை. என் பக்கம் பொய்."

"அதை எவன் பிரிச்சுச் சொல்றது? நீங்கதானே? பொய் எழுதினவரே வந்து எது பொய்னு சொல்லுவாரு, நாங்க கேட்டுக்கணும்."

துய்ஷோன் பழப்பாகைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். "அண்ணே, நீங்க சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். அப்போ குன்று மேல, நம்ம வம்சத்துக் கல்லறையில, எங்க அப்பாவுக்குப் பக்கத்துல, உங்க அப்பான்னு யாரப் புதைச்சிருக்கோம்? நானும் குழி வெட்டினேன். மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளு."

 மகனுக்காகத் தன்னைக் கொடுக்கத் தயாராக வந்தவர் வாத்தியார். செத்த தகப்பனையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்பதை அப்போதுதான் கணக்கிட்டார் போல.

எல்லோரும் ஒமுர்ஜாக்கைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"புத்தகத்துல இருக்கறது புத்தகத்துல இருக்கட்டும்" என்றார் கண்ணைத் திறக்காமல். "இமான்காசி வாயால சொன்னது வாயால சொன்னதா இருக்கட்டும். ரெண்டையும் நாம தொட வேண்டாம். கறியக் கொண்டாங்க."

மெத்தென்று சொன்னார். யாருக்கும் வலிக்காதது போல. முடிந்துவிட்டது. புத்தகப்படி எர்லானும் பெர்மெத்தும் அண்ணன் தங்கை. வாய்ச்சொல்படி வாத்தியார் வந்தேறி. இரண்டில் எது உண்மை என்று கேட்க அந்த விரிப்பில் யாருக்கும் தேவை இருக்கவில்லை. இரண்டும் இருந்தால் எல்லோருக்கும் வசதி, ஒரு குடும்பத்தைத் தவிர.

வெந்நீர் மாற்ற அடுப்பறைக்குப் போனேன். பெர்மெத் குடலைப் பின்னிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாக எல்லாம் பார்த்தும் கேட்டும் இருந்தாள்.

"நெசமா?" என்றாள்.

"நெசம்."

"நீதான் எரிச்சியா?"

"ஆமா."

அவள் முடிச்சுப் போட்டாள், இறுக்கினாள். "நான் நம்புறேன். வாத்தியார் பொய் சொன்னா காது சிவக்கும். இன்னிக்குச் சிவக்கல."

"அப்போ கிளம்பு. எர்லான் பட்டறையிலதான் இருக்கான். வண்டியும் இருக்கு."

"போய்?"

"எங்கயாவது."

"நான் ஊசி போடுறவ, கென்ஜே. ஊருல பொறக்கற புள்ளைய எல்லாம் நான்தான் மொதல்ல துணியில சுத்துறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு பொறக்கும். கோணக் காலோட பொறந்துச்சுன்னு வெச்சுக்கோ. சும்மா, எல்லாருக்கும் பொறக்கற மாதிரி. அப்போ என் மூஞ்சியப் பாத்து என்ன சொல்வாங்க? எங்க போனாலும் சொல்வாங்க. நானே ஒரு நாள் சொல்லிக்குவேன். எர்லான் சொல்லுவான்." அடுத்த குடலை எடுத்தாள். "நான் நம்பினா பத்தாது. தண்ணியக் கொண்டு போ, ஆறிடும்."

கொண்டுபோனேன். மூத்தவரிலிருந்து வரிசையாகக் கையில் ஊற்றினேன்.  

கறி வந்தது. எங்களிடம் கறி என்பது வெறும் கறியில்லை. ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு ஆள் உண்டு. தலை மூத்தவருக்கு. தொடையெலும்பு வம்சத்தில் அடுத்த மூப்புக்கு. பதினைந்து வருடமாக எந்த வீட்டு விரிப்பிலும் அந்தத் தொடையெலும்பு வாத்தியாருக்குத்தான் போகும், கேள்வியே இல்லை. இடுப்பெலும்பு இருப்பதிலேயே பெரியது, கொழுப்பும் சதையும் நிறைந்தது. அது வெளியூர் விருந்தாளிக்கு, சம்பந்திக்கு, வேறு வம்சத்து ஆளுக்கு. அப்படி யாரும் இல்லாத நாளில் அதை உடைத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அசில்பெக் தலையை எடுத்து ஒமுர்ஜாக் முன் வைத்தார். தொடையெலும்பை எடுத்தார். கை ஒரு நொடி நின்றது. துய்ஷோன் முன் வைத்தார். துய்ஷோன் அதைப் பார்த்தார், தள்ளவில்லை. பிறகு அசில்பெக் இரண்டு கையாலும் இடுப்பெலும்பை எடுத்து, குனிந்து, வாத்தியார் முன் வைத்தார்.

"சாப்பிடுங்க. விருந்தாளிக்கு நாங்க குறை வைக்க மாட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை. கேலியாகச் சொல்லவில்லை அவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

வாத்தியார் கத்தியை எடுத்தார். வழக்கப்படி ஒரு துண்டு அறுத்துப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். தானும் ஒரு துண்டு தின்றார். இன்னொன்று தின்றார். ஒமுர்ஜாக் ஆட்டின் காதை அறுத்து உறிஞ்சினார். துய்ஷோன் மண்டி போட்ட குதிரைகளைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். மீதிக் கறியை வீட்டுக்குக் கொண்டுபோக ஜீபேக் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள்.

திரும்பும்போது நான் கூடப் போனேன். காற்று முகத்தில் அறைந்தது. ஆற்றோரம் பனிக்கட்டி விளிம்பு கட்டத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, "புகை கறுப்பா வருது. கரி ஈரம்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

வாத்தியாரின் மனைவி சூராகான் மாமி வீட்டு முன் அறையில் உருளைக்கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். அழுகியது ஒரு வாளி, விதைக்கு ஒரு வாளி, தின்ன ஒரு சாக்கு. எர்லான் ஜன்னலோரம் நின்றிருந்தான்.  மாமி பையை வாங்கினாள். கைக்கு அதன் கனம் தெரிந்தது. மேசையில் வைத்துத் திறந்தாள்.

"யாரோட பையைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"என்னோடதுதான்."

"இது இடுப்பெலும்பு."

வாத்தியார் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"முப்பத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு வர்ற எலும்பு எனக்குத் தெரியாதா? யாருக்கு வெச்ச எலும்பு இது? என்ன சொன்னீங்க அங்க?"

அவர் அங்கே நின்றபடியே மறுபடியும் சொன்னார். இந்த முறை சுருக்கமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல். கேட்டுக்கொண்டிருந்த மாமியின் கையில் ஒரு உருளைக்கிழங்கு இருந்தது. அதை எந்த வாளியில் போடுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

எர்லான் கேட்டான்: "எப்பத் தெரியும்?"

"காக்ஷால் போனப்ப."

"ஒம்போது வருஷம்."

"ஆமா."

"நான் அவளைப் பத்தி மொத மொதல்ல உங்ககிட்டச் சொன்னப்ப, புத்தகத்தைத் திறந்து விரலை வெச்சுக் காட்டினீங்க. இதோ சாதிர், இதோ நீன்னு. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"அப்பச் சொல்லியிருந்தா?"

"அப்பச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்றார் வாத்தியார். மறைக்கவில்லை. அதை ஒரு பெருமையாகவும் சொல்லவில்லை.

எர்லான் தலையை ஆட்டினான், டிராக்டரின் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு இது ஓடாது என்று ஆட்டுவதுபோல. அதற்குப் பிறகு அவன் அவரிடம் பேசியதை நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எதுவும் நடக்கவில்லை. அந்த இடுப்பெலும்பை யாரும் தின்னவில்லை. நாய்க்கும் போடவில்லை. வெளியே கம்பியில் பையோடு தொங்கி உறைந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோச்கோர் ஆட்களின் மூன்று கார்கள் ஊருக்குள் வந்தன. கண்ணாடியில் துணி கட்டியிருந்தார்கள். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எர்லானின் பையைச் சாலைவரை தூக்க ஆள் வேண்டும். பகிர்வு டாக்சி பாலத்தடியில் நிற்கும்.

பை கனமாக இல்லை. ஸ்பேனர் செட்டு ஒன்று, இரண்டு சட்டை, கம்பளிக் காலுறை. புத்தகம் எதுவும் இல்லை. வாத்தியார் அறையின் மூலையில், தன் எழுத்து மேசையருகே, வெளிக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாலைவரை வருவதற்காகப் போட்டிருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை.

மாமி ரொட்டியைக் கொண்டுவந்தாள். அன்று காலை சுட்டது, வட்டமாக, நடுவில் குத்துப் புள்ளிகளோடு. பயணம் போகிறவன் ஒரு கடி கடித்துக் கொடுத்துவிட்டுப் போவான். கடித்த ரொட்டி வீட்டுச் சுவரில் தொங்கும். அவன் வந்துதான் மீதியைத் தின்ன வேண்டும். பட்டாளத்துக்குப் போன பையன்கள், படிக்கப் போனவர்கள், எல்லோர் ரொட்டியும் தொங்கியிருக்கிறது. நான் கடித்துவிட்டுப் போனது மூன்று வருடம் தொங்கியது. கல்லாகிப்போனதைத் திரும்பி வந்து தின்றேன்.

"கடி" என்றாள்.

எர்லான் ரொட்டியைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். அவளைக் கட்டிக்கொண்டான், ரொட்டி இருவருக்கும் நடுவில் நசுங்கியது. விட்டான்.

"வேணாம்மா."

"ஒரு கடிடா. சின்னதா."

"பொய்யா ஒண்ணைப் புத்தகத்துல போட்டு வெச்சது போதும், இன்னொண்ணைச் சுவத்துல மாட்ட வேணாம்" என்றான். கடுமையாகச் சொல்லவில்லை. பையின் ஒரு காதை அவன் பிடித்தான், இன்னொன்றை நான் பிடித்தேன்.

வெளியே வந்தோம். மேல் தெருவில் அசில்பெக் வீட்டுப் பக்கமிருந்து பெண்கள் குலவையிடும் சத்தம் வந்தது. தோடு போட்டாயிற்று. எர்லான் நடையை மாற்றவில்லை. பனி காலடியில் நொறுங்கியது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். வாத்தியார் எழுந்துவிட்டார். கனமான பூட்சின் நான்கைந்து அடிகள். பிறகு மாமியின் குரல், உரக்க இல்லை.

"எங்க?"

"பாலம்வரைக்கும்."

"நீங்க போக வேண்டாம்."

திரும்பிப் பார்த்தேன். மாமி வாசலில் நின்றாள், நசுங்கிய ரொட்டி இன்னும் கையில். அவள் தோளுக்குப் பின்னால் அவருடைய தொப்பி தெரிந்தது. எங்களை ஒரு முறை பார்த்தாள். உள்ளே ஒரு அடி வைத்துக் கதவைச் சாத்தினாள். எங்கள் ஊரில் பகலில் எந்த வீடும் பூட்டுவதில்லை. அந்த வீட்டுப் பூட்டில் சாவி இருந்ததே எனக்கு அன்றுவரை தெரியாது. துருப்பிடித்த அந்தச் சாவி உள்ளேயிருந்து ஒரு முறை சிக்கி, பிறகு இரண்டு முறை திரும்பி, பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

எர்லானும் கேட்டான்.

"ரெண்டு சுத்து" என்றான்.

பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.